காளான் போடலாம், தோட்டத்தை அடகு வைக்க வேண்டாம்



பெல் அடித்த பிறகும் விடாமல் பத்து நிமிஷம் பாடம் நடத்துகிறவள் என்று பள்ளியில் எனக்கு ஒரு பேர் உண்டு. இந்தப் பதிவும் அப்படித்தான் நீளும். அவசர வேலை இருக்கிறவர்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படித்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் நம்ம பழைய மாணவன் ஒருத்தன் போன் பண்ணினான். பேர் வேண்டாம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் பன்னிரண்டு வருஷம் இருந்துவிட்டு, ஆர்டர் குறைந்து ஆள் குறைத்தபோது ஊருக்குத் திரும்பியவன். "டீச்சர், சிப்பிக்காளான் போடலாம்னு இருக்கேன். ஒரு கம்பெனிக்காரங்க ஒன்றரை லட்சம் கட்டினா பை, விதை, ட்ரெயினிங் எல்லாம் தர்றாங்களாம். விளைஞ்சதை அவங்களே கிலோ இவ்வளவுன்னு பேசி எடுத்துக்கிறாங்களாம். அம்மா பேர்ல இருக்கிற மிளகுத் தோட்டத்தை அடகு வைக்கலாமான்னு உங்களை ஒரு வார்த்தை கேக்கணும்" என்றான்.

இந்த ரெண்டு மாதத்தில் இதே கேள்வியோடு வந்தவர்களில் அவன் மூன்றாவது ஆள். அதில் ஒருத்தி என் நாத்தனார் மகள். மூன்று பேருக்கும் தனித்தனியாகச் சொன்னதை எல்லோருக்குமாக இங்கே எழுதிவிடுகிறேன். சுருக்கமாகச் சொன்னால், காளான் போடு, அடகு வைக்காதே. அதோடு இன்னொன்றும் உண்டு. அதைச் சொன்னால் நம்ம ஊர்க்காரர்கள் சிலருக்குக் கோபம் வரும். காளானுக்கு வேண்டிய தீனியை வருஷா வருஷம் ஓடையில் கொட்டிக்கொண்டிருக்கிறோம்.

முதலில் பாடம். செடி பச்சையமுள்ளது, சூரிய ஒளியில் சமைத்துச் சாப்பிடுகிறது. காளானுக்குப் பச்சையம் இல்லை, பிறர் மிச்சம் வைத்ததைத்தான் தின்ன வேண்டும். மட்குண்ணி என்று நடத்தினேனே, நினைவிருக்கிறதா? மரத்துக்கும் வைக்கோலுக்கும் விறைப்பைத் தருவது லிக்னின் என்கிற பொருள். மாடு தின்றாலும் அது செரிக்காமல் சாணியாக வெளியே வந்துவிடும். அதை உடைக்கிற நொதி சிப்பிக்காளானிடம் இருக்கிறது. காட்டில் பட்ட மரத்தில் அடுக்கடுக்காக, விசிறி மாதிரி முளைத்து நிற்கிறதே, அந்தக் குடும்பம்தான். லிக்னினை உடைத்து, உள்ளே இருக்கிற செல்லுலோஸைத் தின்று, நமக்குக் குழம்புக்கு ஒரு தட்டு தருகிறது. அதனால்தான் இதற்குக் குதிரைச் சாணமும் கோழி எருவும் போட்டு வாரக்கணக்கில் புரட்டுகிற வேலை இல்லை. பட்டன் காளானுக்குத்தான் அந்தப் பாடெல்லாம்.

இது புது விஷயமும் இல்லை. 1917-ல் ஜெர்மனியில், யுத்தப் பஞ்ச காலத்தில், வெட்டின மரத்தின் அடிக்கட்டையில் இதை வளர்த்திருக்கிறார்கள். நம் நாட்டில் 1962-ல் மைசூர் உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில் பானோ என்பவரும் ஸ்ரீவஸ்தவாவும் நெல் வைக்கோலில் வளர்த்துக் காட்டினார்கள். 1974-ல் ஜந்தாயிக் என்பவர் இமயமலை அடிவாரத்தில் ஒரு கள்ளிச்செடியில் முளைத்திருந்த ரகத்தை எடுத்துவந்து வளர்த்தார். கள்ளியில் கிடைத்ததுதான் பிறகு இந்தியா முழுக்கக் கொட்டகைகளில் பரவியது. நம்ம கோவை வேளாண் பல்கலைக்கழகமும் மதுரை வேளாண் கல்லூரியும் வெளியிட்ட ரகங்கள் தனி வரிசை. கோ 1, ஊட்டி 1, எம்.டி.யு. 1 என்று பேர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

இனி நம்ம மலைக்கு வருவோம்.

காளான் என்றவுடன் எல்லோரும் வைக்கோலைத்தான் நினைக்கிறார்கள். கீழ்நாட்டில் அது சரி. ஆத்தூர், சித்தையன்கோட்டை, வத்தலக்குண்டு பக்கம் நெல் வயல் இருக்கிறது, வைக்கோல் இருக்கிறது. ஆனால் அங்கே சித்திரை வெயிலில் கொட்டகையைக் குளிர வைக்கச் சாக்கு நனைத்து நனைத்துத் தொங்கவிட வேண்டும். தாண்டிக்குடியில் குளிர்ச்சிக்குக் காசு இல்லை, 1,300 மீட்டர் உயரம் அதைச் சும்மா தருகிறது. ஆனால் வைக்கோல் லாரியில் ஏறி வர வேண்டும். அத்தனை கொண்டை ஊசி வளைவுக்கும் சேர்த்து வாடகை கொடுத்து வைக்கோல் வாங்கிக் காளான் வளர்ப்பது, தண்ணீரை விலைக்கு வாங்கிக் கத்தரிக்காய் போடுகிற கதை.

சரி, நம்மிடம் என்ன இருக்கிறது? காப்பி.

நூறு கிலோ காப்பிப் பழத்தை பல்ப்பரில் விட்டால் நாற்பது கிலோவுக்கு மேல் தோலாகத்தான் வெளியே வரும். கடைசியில் பச்சைக் கொட்டையாகத் தேறுவது பதினெட்டு, இருபது கிலோ. மிச்சமெல்லாம் தோல், வழுவழுப்பு, ஈரம், மேல் ஓடு. நவம்பர் முதல் ஜனவரி வரை தாண்டிக்குடி, மங்களங்கொம்பு, பண்ணைக்காடு, தடியன்குடிசை, கே.சி.பட்டி என்று எந்தப் பக்கம் போனாலும் அந்தப் புளிச்ச வாடை வரும். தோலைக் குவித்து வைக்கிறவர் பாதி, மழை வந்தால் அதுவாகப் போய்விடும் என்று சரிவில் தள்ளிவிடுகிறவர் பாதி. பல்ப்பர் கழுவின தண்ணீர் நேராக ஓடைக்குப் போகிறது. அது சர்க்கரையும் புளிப்பும் நிறைந்த தண்ணீர். கிருமிகள் அதைத் தின்னும்போது ஓடைத் தண்ணீரில் இருக்கிற ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். தலைப்பிரட்டையும் அயிரையும் செத்து மிதப்பது அதனால்தான். "தோலுதானே, மட்கிப் போயிரும்" என்று என் சொந்தக்காரர் ஒருவர் சொன்னார். மட்கும் சித்தப்பா, ஓடையில் மட்கக் கூடாது, தோட்டத்தில் மட்க வேண்டும். இந்த வரியைப் படித்துவிட்டு அவர் என்னோடு பேசாமல் இருந்தாலும் இருப்பார். பொங்கலுக்குள் சரியாகிவிடும்.

மாட்டுக்குப் போடலாமே என்றால், கஃபீனும் டானினும் இருப்பதால் மாடு அதிகம் தின்னாது, தின்னவும் கூடாது. சிப்பிக்காளான் தின்னும். மெக்ஸிகோவில் 1980-களிலிருந்தே காப்பித் தோலில் இதை வளர்க்கிறார்கள். தோலைச் சில நாள் குவித்துப் புளிக்க விட்டு, ஆவியில் அவித்து, விதை போடுகிறார்கள். கொலம்பியாவிலும் காப்பித் தோட்டத்துப் பெண்கள் இதைக் கற்றுக்கொண்டார்கள். 2009-ல் அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் இரண்டு பேர் கடைகளில் வடிகட்டித் தூக்கிப் போடுகிற காப்பிச் சக்கையை வாங்கி அதில் சிப்பிக்காளான் வளர்த்து, அதையே தொழிலாக்கினார்கள். அவர்கள் வடிகட்டிய சக்கைக்கு அலைந்தார்கள். காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையத்தையே ஊரில் வைத்திருக்கிற நாம் தோலைத் தள்ளிவிட இடம் தேடுகிறோம்.

நான் ரிட்டையர் ஆன பிறகு பழைய விறகுக் கொட்டகையில் இதைச் செய்து பார்த்தேன். முதல் தடவை தோற்றுப் போனேன், அதையும் சொல்லிவிட வேண்டும். இருபது பை போட்டேன். ஆறு பையில் பச்சைப் பூஞ்சை படர்ந்துவிட்டது, நான்கில் ஒன்றுமே கிளம்பவில்லை. நான் செய்த தப்பு, ஈரத்தோலை அப்படியே வெந்நீரில் முக்கி எடுத்தது. தோல் குழைந்து சேறு மாதிரி அமுங்கி, உள்ளே காற்றுப் போகவில்லை. காளான் மூச்சு விடுகிற உயிர் என்று முப்பது வருஷம் நடத்தியவளுக்கே மறந்துபோயிற்று.

இரண்டாம் தடவை முறையை மாற்றினேன். பல்ப்பர் தோலை விட்டுவிட்டு, செர்ரியாகக் காயவைத்து உடைக்கும்போது வருகிற காய்ந்த தோலை எடுத்துக்கொண்டேன். நம்ம பக்கம் டிசம்பரில் மழைமேகம் விலகாது, ஈரத்தோலைக் காயவைப்பது பெரும்பாடு. காய்ந்த தோல் சாக்கில் கட்டி வைத்தால் மாசி வரைக்கும் கிடக்கும். இன்னொரு வசதியும் உண்டு. கார்த்திகை, மார்கழியில் ஊரில் எல்லோரும் காப்பி பறிக்கப் போய்விடுவார்கள், காளான் பையைப் பார்க்க ஆள் இருக்காது. குளிரிலும் பூசண இழை மெதுவாகத்தான் ஓடும். மாசியில் ஆரம்பித்தால் ஆளும் உண்டு, பதமான சூடும் உண்டு. பாதித் தோல், பாதி வைக்கோல். வைக்கோல் இல்லாதவர்கள் காய்ந்த வாழைச் சருகை விரல்நீளத்துக்கு வெட்டிப் போடலாம். விருப்பாச்சி போட்டிருக்கிறவர்கள் வீட்டில் சருகுக்கா பஞ்சம்?

முறை இதுதான். நறுக்கின தீனியை நான்கைந்து மணி நேரம் ஊறவைத்து, வடித்து, அரை மணி நேரம் கொதிநீரில் வேகவைக்க வேண்டும். பிறகு சுத்தமான விரிப்பில் பரப்பி ஆறவிட வேண்டும். பதம் பார்க்க, கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிழியுங்கள். ஒன்றிரண்டு சொட்டு வரலாம், ஒழுகக் கூடாது. ஒரு அடி அகலம், இரண்டடி உயரப் பையில் ஒரு அடுக்குத் தீனி, ஓரமாக ஒரு சுற்று விதை, மறுபடி தீனி என்று நிரப்பிக் கட்டி, நாலாபுறமும் துளை போடுங்கள். 300 கிராம் விதைப் பாக்கெட் ஒன்று இரண்டு பைக்கு வரும். பதினைந்து, இருபது நாளில் பை முழுக்கப் பஞ்சு மாதிரி வெள்ளையாகிவிடும். அப்புறம் வெளிச்சமும் காற்றோட்டமும் கொடுத்து, ஈரப்பதம் குறையாமல் தெளித்து வந்தால் மொட்டு வரும். மொட்டு வந்த மூன்றாம் நாள் பறிக்கலாம். மூன்று பறிப்பு. மொத்தம் நாற்பது, நாற்பத்தைந்து நாள்.

விறகுக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். நிழலுக்கு நிற்கிற சில்வர் ஓக்கைக் கவாத்துப் பண்ணும்போது விழுகிற கொப்பு போதும், சோலைக்குள் போக வேண்டியதில்லை. விறகே வேண்டாம் என்றால், சுண்ணாம்பு கரைத்த பச்சைத் தண்ணீரில் ஒரு நாள் முழுக்க ஊறவைத்து வடிக்கிற முறையும் உண்டு. சுண்ணாம்பின் காரத்தில் மற்றப் பூஞ்சை அடங்கிவிடும், சிப்பிக்காளான் தாங்கிக்கொள்ளும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், தோல் உரியும். கார்பன்டாசிமும் ஃபார்மலினும் கலந்த தண்ணீரில் ஊறவைக்கிற முறையைப் பயிற்சிகளில் சொல்லித் தருகிறார்கள். வேலை சுலபம்தான். ஆனால் பூஞ்சையைக் கொல்லும் மருந்தில் ஊறவைத்துப் பூஞ்சையைச் சாப்பிடுவது எனக்கு ஒப்பவில்லை. என் வீட்டில் அது கிடையாது.

இனி, நான் ரொம்ப நாளாக எழுத நினைத்த பகுதி.

இணையத்தில் ஒரு வாசகத்தை அடிக்கடி பார்க்கிறேன்: "எந்தக் கழிவிலும் காளான் வளரும்." விவசாயக் கழிவு, தொழிற்சாலைக் கழிவு எல்லாம் ஒன்றுதான் என்கிற மாதிரி வீடியோ போடுகிறார்கள். வளரும் என்பது உண்மை. ஹாங்காங்கில் பேராசிரியர் சாங் 1970-களில் ஜவுளி ஆலைப் பஞ்சுக் கழிவில் வைக்கோல் காளானை வளர்த்துக் காட்டினார், அது அந்தப் பக்கத்து நாடுகளுக்கெல்லாம் பரவியது. நமக்கும் திண்டுக்கல், வேடசந்தூர் சுற்றி நூற்பாலைகள் நிறைய. பஞ்சுக் கழிவு நல்ல தீனிதான், வைக்கோலோடு கலந்து போட்டால் விளைச்சல் கூடும். தென்னை நார்க்கழிவைத் தனியாகப் போட்டால் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு இறுகிவிடும், கலந்துதான் போட வேண்டும். அந்த நார்க்கழிவை மட்க வைக்கிறதற்கே இந்தச் சிப்பிக்காளான் விதையைத்தான் கயிறு வாரியம் கொடுக்கிறது. ஆகவே ஆலைக் கழிவு என்றாலே கூடாது என்று நான் சொல்லவில்லை.

ஆனால் அந்தக் கழிவு இதற்கு முன்னால் எங்கே இருந்தது என்று கேட்காமல் எடுக்கக் கூடாது. சாயம் ஏறின பஞ்சா, எண்ணெய் படிந்த பஞ்சா, எந்தச் சாக்கில் வந்தது, அந்தச் சாக்கில் முன்னால் என்ன இருந்தது? கேட்க வேண்டும். ஏன் இவ்வளவு பயப்படுத்துகிறேன் என்றால், நாம் கொடைக்கானல் மலைக்காரர்கள். நமக்கு ஒரு கதை தெரியும்.

1980-களில் அமெரிக்காவில் இருந்து கொண்டுவந்து கொடைக்கானலில் ஒரு வெப்பமானித் தொழிற்சாலை வைத்தார்கள். பிறகு அது இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி டன் கணக்கில் கிடப்பது வெளியே தெரிந்தது. ஊர் மக்கள் திரண்டார்கள், தொழிற்சாலை மூடப்பட்டது. கழிவை 2003-ல் கப்பலில் ஏற்றி அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பினார்கள். முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கு நிறுவனத்தோடு உடன்பாடு ஏற்பட்டது 2016-ல். பதினைந்து வருஷம். மண்ணைச் சுத்தம் செய்கிற பேச்சு அதற்கப்புறமும் நடந்தது. அந்தக் கண்ணாடியும் பழைய இரும்புக் கடைக்கு "கழிவு" என்கிற பேரில்தான் போனது. வாங்கினவருக்கு அது வெறும் கண்ணாடி.

அந்தக் காலத்தில் நம்ம ஆய்வுக்கூடத்தில் வெப்பமானி உடைந்தால் பிள்ளைகள் பாதரசத்தை உள்ளங்கையில் உருட்டி விளையாடுவார்கள். நானும் சிரித்துக்கொண்டு பார்த்திருக்கிறேன். இந்தப் பதிவைப் படிக்கிற உங்களில் சிலர் உருட்டியவர்கள்தான். அன்றைக்கு எனக்கு விவரம் போதாது. இன்றைக்குத் தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் தப்பு.

காளானுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றால், தீனியில் பாதரசமோ காட்மியமோ இருந்தால் காளான் அதை உறிஞ்சித் தன் உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்ளும். எண்ணெய் கொட்டிக் கெட்டுப்போன மண்ணைச் சுத்தப்படுத்த இதே சிப்பிக்காளானை வைத்து அமெரிக்காவில் சோதனை செய்திருக்கிறார்கள், எண்ணெய் குறைந்தது. அதைக் கேள்விப்பட்டு, காளான் எல்லா விஷத்தையும் தின்று தீர்த்துவிடும் என்று நினைக்கிறார்கள். எண்ணெய் என்பது கார்பன் சேர்மம், அதை உடைக்கலாம். பாதரசம் தனிமம். தனிமத்தை எந்த நொதியாலும் உடைக்க முடியாது, இடம்தான் மாறும். மண்ணில் இருந்தது காளானுக்கு, காளானில் இருந்து நம் தட்டுக்கு. ஒன்பதாம் வகுப்பு வேதியியல்தான் இது.

நம்ம தோட்டக் கழிவுக்கும் இதே கேள்வி பொருந்தும். பீன்ஸ் கொடி நல்ல தீனி என்று எனக்கும் தெரியும். ஆனால் பறிப்பு முடிகிற வரைக்கும் மருந்தடித்த கொடியை நான் தொடமாட்டேன். யார் தோட்டத்துக் கொடி, கடைசி மருந்து எப்போது என்று தெரிந்தால் சரி. பைன் மரத்தூளும் வேண்டாம், அந்தப் பிசின் இதற்கு ஆகாது.

பணக் கணக்குக்கு வருவோம். தம்பி, நீ போனில் சொன்ன கணக்கில் லாபம் மட்டும்தான் இருந்தது. என் கணக்கைப் பார்.

ஒரு பைக்கு உலர்ந்த எடையில் ஒரு கிலோ தீனி பிடிக்கிறது. கைதேர்ந்தவர்கள் அதில் ஒரு கிலோ காளான் எடுப்பார்கள். எனக்கு மூன்று பறிப்பும் சேர்த்து 600 கிராம். 20 பைக்கு 12 கிலோ. கிலோ 200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 2,400 ரூபாய். விதை, பை, சுண்ணாம்பு, போக்குவரத்து, கெட்டுப்போனது எல்லாம் போக என் கையில் நின்றது 1,400. ஆக ஒரு பைக்கு 70 ரூபாய், அதுவும் ஒன்றரை மாதத்தில், என் உழைப்புக்குக் கூலி போடாமல். இந்தக் கணக்கில் ஒன்றரை லட்சத்தைத் திருப்பி எடுக்க 2,140 பை வேண்டும். வட்டி தனி. நீ என்னைவிடக் கெட்டிக்காரன், இரண்டு பங்கு எடுப்பாய் என்றே வைத்துக்கொள்வோம், அப்போதும் ஆயிரம் பைக்கு மேல். அவ்வளவு பையைப் பார்க்க ஆள் வேண்டும், இடம் வேண்டும், தினமும் வாங்க ஆள் வேண்டும். பறித்த காளான் மறுநாள் சாயந்திரம் சுருங்கிவிடும், பஸ் ஒரு நாள் ஓடாவிட்டால் சரக்குப் போச்சு.

"அதுக்குத்தான் டீச்சர் அவங்களே எடுத்துக்கிறாங்க" என்றாய். அவ்வளவு நல்ல விலைக்கு விற்க அவர்களுக்கு வழி இருந்தால், உன் ஒன்றரை லட்சம் எதற்கு? அவர்களே போட்டு விற்றுக்கொள்ளலாமே. 1990-களில் தேக்கு மரம் என்றார்கள், நம்ம சகஆசிரியர்களே பி.எஃப். பணத்தைப் போட்டார்கள். 2012-ல் பெருந்துறையில் ஈமு கோழி சரிந்தபோது எத்தனை குடும்பம் தெருவுக்கு வந்தது என்று பேப்பரில் படித்தோம். தேக்கும் ஈமுவும் கெட்டவை இல்லை. பின்னால் சேருகிறவன் பணத்தை முன்னால் சேர்ந்தவனுக்குக் கொடுப்பது, சேர ஆள் தீர்ந்ததும் கடையைப் பூட்டுவது என்கிற ஏற்பாடுதான் கெட்டது. ஒப்பந்தத்தில் "தரம் சரியில்லாத சரக்கை நிறுவனம் ஏற்காது" என்று ஒரு வரி இருக்கும். தரம் சரியா என்று யார் சொல்வது? அவர்களேதான். எல்லாக் கம்பெனியும் இப்படி என்று நான் சொல்லவில்லை. பத்திரத்தை நீட்டுகிறதற்கு முன்னால் அந்தக் கம்பெனியோடு மூன்று வருஷத்துக்கு முன்னால் சேர்ந்த ஒரு ஆளைக் காட்டச் சொல். இந்த வருஷம் சேர்ந்தவனை அல்ல.

நல்ல விதைக்கு கோவை வேளாண் பல்கலைக்கழகம் இருக்கிறது. பயிற்சிக்கு நம்ம மாவட்டத்திலேயே காந்திகிராமத்து வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரியுங்கள், ஒன்றரை லட்சமெல்லாம் கேட்கமாட்டார்கள். விதை வாங்கும்போது தேதி பாருங்கள். சோளம் முழுக்க வெள்ளை போர்த்தியிருக்க வேண்டும், ஒரு மணியில் பச்சையோ மஞ்சளோ தெரிந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பகல் வெயிலில் பஸ் மேலே போட்டுக் கொண்டுவந்தால் விதை அவிந்துவிடும், ராத்திரி பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவாருங்கள். அரசாங்கம் நமக்குச் செய்ய வேண்டியது மானியத்தில் கொட்டகை கட்டித் தருவது இல்லை என்பது என் அபிப்பிராயம். கொட்டகை நம்மிடம் இருக்கிறது. மலை மேலேயே, வாரம் தவறாமல் புது விதை கிடைக்க ஒரு ஏற்பாடு போதும். தடியன்குடிசையில் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஊராட்சிக் கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாகப் போட்டு அங்கே கேட்கலாம். மனு எழுத வேண்டுமானால் நான் எழுதித் தருகிறேன், எழுத்துப் பிழை இருக்காது.

பெண்களுக்கு ஒரு எச்சரிக்கை, ஏனென்றால் கொட்டகைக்குள் போகப்போவது நீங்கள்தான். சிப்பிக்காளான் முற்றினால் வெள்ளைத் தூள் உதிரும், அது வித்துத்தூள். தினமும் அதைச் சுவாசித்தால் இருமல், சளி, காய்ச்சல் வரும், சிலருக்கு நுரையீரலையே பாதிக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலைக்கே வர வேண்டாம். ஓரம் மேல்நோக்கிச் சுருளுவதற்கு முன்னால் பறித்துவிடுங்கள், துணியை மூக்கில் கட்டிக்கொண்டு போங்கள், காலையில் கதவைத் திறந்து காற்று மாறவிட்டு அப்புறம் நுழையுங்கள். என் மதினி முதல் மாதம் இருமியதைக் குளிர் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

விற்காமல் மிஞ்சினால் கிழித்து நல்ல வெயிலில் காயவையுங்கள். சிப்பிக்காளான் அழகாகக் காயும், பத்துக் கிலோ ஒரு கிலோவாகும். வெயில் பட்டால் அதில் வைட்டமின் டி கூடும் என்பது உபரி லாபம். கறிக்குச் சமமான புரதம் என்று விளம்பரம் செய்கிறார்களே, அதை நம்பாதீர்கள். 100 கிராம் பச்சைக் காளானில் புரதம் 3 கிராம் சுற்றித்தான், மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். ருசிக்குச் சாப்பிடுங்கள். வெள்ளிக்கிழமை சாப்பிடலாமா என்று கேட்ட அத்தாச்சிக்கு: அது செடியும் இல்லை, மிருகமும் இல்லை, தனி இராஜ்ஜியம். முடிவை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

பறித்து முடித்த தீனியைத் தூர எறியாதீர்கள், காப்பிச் செடிக்கு நல்ல உரம். வீட்டு முற்றத்தில் குவித்து வைக்கவும் வேண்டாம். நான் வைத்தேன். மூன்றாம் நாள் ராத்திரி காட்டுமாடு ஒன்று வந்து நின்று நிதானமாகத் தின்றுவிட்டு, போகிற வழியில் என் டேலியாவையும் ஒரு கை பார்த்துவிட்டுப் போனது. இன்னொன்று, அந்தப் பிளாஸ்டிக் பைகள். இருபது பையாக இருக்கும்போது தெரியாது, இரண்டாயிரம் ஆனால் சரிவெல்லாம் பறக்கும். மாவு, தயிர் வருகிற மூடி போட்ட வாளிகளில் துளை போட்டு இந்த வருஷம் ஐந்து செய்து பார்த்தேன், பையைப் போலவே விளைந்தது. கழுவித் திரும்பப் பயன்படுத்தலாம்.

தம்பி, உனக்கு நான் சொல்வது இதுதான். மிளகுத் தோட்டப் பத்திரம் அம்மாவின் பெட்டியிலேயே இருக்கட்டும். இருபது பை போடு. மூன்று தடவை போடு. நோட்டில் எழுது: எத்தனை பை கெட்டது, எத்தனை கிலோ, யார் வாங்கினார்கள், எவ்வளவுக்கு. நான்கு மாதம் கழித்து அந்த நோட்டை எடுத்துக்கொண்டு வா, திருத்தித் தருகிறேன். நூறு பைக்குப் போகலாம் என்று நோட்டு சொன்னால் போகலாம். நாத்தனார் மகளுக்கும் இதே பதில்தான், அவள் அம்மா என்னிடம் சண்டைக்கு வர வேண்டாம்.

என் வீட்டில் காய்ந்த காப்பித் தோல் நான்கு மூட்டை இருக்கிறது. விதை வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் வருகிறது. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அண்டாவில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும். பார்க்க ஆசைப்படுகிறவர்கள் வாருங்கள், கையை நன்றாகக் கழுவிவிட்டு வாருங்கள், ஆளுக்கொரு வாளி கொண்டுவாருங்கள். மதியம் காளான் குழம்பு உண்டு. எத்தனை பேர் என்று கீழே எழுதிவிட்டால் அரிசி போட வசதியாக இருக்கும்.